வாயினுள் தோன்றும் மஞ்சள் பொட்டுகள்: அஞ்ச வேண்டாததும் அஞ்ச வேண்டியதும்

(ஈசூன் வட்டாரக் குடியிருப்பாளர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற சுகாதார உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடுகளவே ஆனது. உதட்டின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் இளமஞ்சள் நிறத்தில் சிறு பொட்டுகள் சிலருக்குக் காணப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். அவற்றில் வலியில்லை; அரிப்பில்லை; புண்ணில்லை. உண்பதற்கோ பேசுவதற்கோ அவற்றால் எவ்வித இடையூறும் இல்லை. அவ்வாறிருக்க, அவற்றைப் பற்றி ஓர் உரையே நிகழ்த்த வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே.

அதற்கு நாம் கூறும் விடை இரண்டு. முதலாவது, தீங்கற்ற இப்பொட்டுகளைக் கண்டு தேவையின்றிக் கலங்குவோர் உண்டு. கண்ணாடியில் தற்செயலாக இவற்றைக் கண்ட இளைஞர் ஒருவர் தமக்கு ஏதோ தீராத நோய் வந்துவிட்டதெனத் துயிலிழக்கிறார். இரண்டாவது, உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய ஒரு மாற்றம் வாயினுள் தோன்றும்போது, வலியில்லை என்பதனாலேயே அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுவோரும் உண்டு. அச்சம் வேண்டாத இடத்தில் மிகுந்தும், வேண்டிய இடத்தில் குறைந்தும் இருக்கிறது. இவ்விரண்டையும் அவற்றிற்குரிய இடத்தில் வைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இப்பொட்டுகள் எவை?

நமது தோல் வறண்டு வெடித்துவிடாமல் இருக்க, அதனடியில் எண்ணெய்ச் சுரப்பிகளை இயற்கை அமைத்திருக்கிறது. இவை பொதுவாக மயிர்க்கால்களை ஒட்டியே அமைந்திருக்கும். சுரக்கும் எண்ணெய் மயிர்க்கால் வழியே வெளிவந்து தோலுக்கு மென்மையைத் தருகிறது. முகத்தில் எண்ணெய் வழிகிறது என்று நாம் அன்றாடம் கூறுவது இதனைத்தான்.

உதட்டிலும் வாயினுள்ளும் மயிர்க்கால்கள் இல்லை. ஆயினும், கருவில் முகம் உருவாகும் வேளையில், இவ்வெண்ணெய்ச் சுரப்பிகளுள் சில, வாயின் உட்தோலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பிறப்பு முதலே இருக்கும் அவை, பருவம் எய்தும் காலத்தில் உடலில் ஏற்படும் மாற்றங்களால் சற்றே பெருத்துக் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. ஆகவேதான், பதின்மூன்று, பதினான்கு வயதிற்குமேல் இவை புதிதாக முளைத்தனபோல் தோன்றுகின்றன. உண்மையில் புதிதாக எதுவும் வந்துவிடவில்லை. இருந்ததுதான் வெளியே தெரிகிறது.

நியூயார்க் நகரைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் ஜான் அடிசன் ஃபோர்டைஸ் என்பார் 1896ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் மருத்துவ உலகில் இவை ஃபோர்டைஸ் பொட்டுகள் என வழங்கப்பெறுகின்றன. வயது வந்தோரில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பேருக்கு இவை இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அங்ஙனமாயின், இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோருக்கு இவை இருக்க வேண்டும். பெரும்பான்மையினருக்கு இருப்பதொன்றை நோயென்று எவ்வாறு கூறுவது? மச்சத்தைப்போல, கன்னத்துக் குழியைப்போல, இதுவும் உடலமைப்பின் ஒரு கூறேயாகும்.

இவற்றை அறியும் வழிகள்

இப்பொட்டுகளுக்கென்று சில அடையாளங்கள் உண்டு.

நிறம் இளமஞ்சள், அல்லது வெண்மை கலந்த மஞ்சள். பெரும்பாலும் மேலுதட்டின் ஓரத்திலும், வாயின் இரு கோடிகளை அடுத்தும், கன்னங்களின் உட்புறத்திலும் இவை காணப்படும். இடக்கன்னத்தில் இருப்பின் வலக்கன்னத்திலும் இருப்பதே வழக்கம். தனித்தனியாகச் சிதறியும் இருக்கலாம். நெருங்கிக் கூட்டமாகவும் இருக்கலாம். உதட்டையோ கன்னத்தையோ விரலால் இழுத்துப் பிடித்தால் இவை முன்னிலும் தெளிவாகத் தெரியும். துணியால் துடைத்தாலும் நீங்கமாட்டா. தொட்டால் நோவில்லை, குருதி கசிவதில்லை. மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் பெரிதும் மாறாமல் அப்படியே இருக்கும்.

இவ்வடையாளங்கள் யாவும் ஒருங்கே பொருந்துமாயின், அவை பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பிப் பொட்டுகளே. ஐயம் இருப்பின், அடுத்த முறை பல் மருத்துவரிடம் செல்லும்போது காட்டிக் கேட்டால் போதும். அனுபவமுள்ள பல் மருத்துவர் ஒருவர் பார்த்த மாத்திரத்திலேயே கூறிவிடுவார். குருதிச் சோதனையோ வேறு சோதனையோ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

வெட்கத்தால் விளையும் வேதனை

இங்கே இளைஞர்களுக்கு ஒரு செய்தியை மறைவின்றிக் கூற விரும்புகிறோம். இத்தகைய சுரப்பிகள் உடலின் மறைவான உறுப்புகளின் தோலிலும் காணப்படுவதுண்டு. அதனால், இவற்றைப் பால்வினை நோயென எண்ணி நடுங்குவோர் இருக்கின்றனர். திருமணத்திற்கு நாள் குறிக்கப்பெற்றவர்களும், புதிதாக மணமானவர்களும் இவ்வச்சத்தினால் ஒருவரை ஒருவர் ஐயுறும் நிலையும் ஏற்படக்கூடும்.

இப்பொட்டுகள் எவரிடமிருந்தும் எவருக்கும் தொற்றுவனவல்ல. முத்தத்தால் வருவதில்லை, ஒரே குவளையில் நீரருந்துவதால் வருவதில்லை, ஒழுக்கக் குறைவினால் வருவதுமில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ இவை இருப்பதைக் கொண்டு நடத்தையை ஐயுறுவது பெரும் அநீதியாகும்.

முன்னாளில் சிங்கப்பூரில் தோல் நோய்களுக்கும் பால்வினை நோய்களுக்கும் மிடில் ரோடு மருத்துவமனையே சிகிச்சையளித்து வந்தது. சாதாரணத் தோல் நோயாளிகூட அதன் வாசலில் நிற்கக் கூச்சப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை. 1988ஆம் ஆண்டில் மண்டலே சாலையில் தேசியத் தோல் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்று, அப்பணியை ஏற்றுக்கொண்டது. காலம் மாறிவிட்டது, வசதிகளும் பெருகிவிட்டன. கூச்சம் மட்டும் இன்னும் முற்றாக விலகவில்லை. மருத்துவரிடம் ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய ஐயத்தை ஐந்து ஆண்டுகள் மனத்தில் சுமப்பானேன்?

செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்

எண்ணெய்ச் சுரப்பிப் பொட்டுகளுக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை எதுவுமில்லை. அவற்றை அவ்வாறே விட்டுவிடுவதே நன்று. ஆனால், சிலர் சும்மா இருப்பதில்லை. நகத்தால் கிள்ளுகின்றனர்; பருவைப் பிதுக்குவதுபோல் பிதுக்குகின்றனர். அழுத்தினால் வெண்ணிறக் கொழுப்பு சிறிது வெளிவரக்கூடும். அதனைச் சீழென்று எண்ணி மேலும் அழுத்துவதால் உதடு வீங்குகிறது. கிருமி புகுந்து புண்ணாகிறது. ஈற்றில் தழும்பும் எஞ்சுகிறது. இல்லாத நோயை நாமே உண்டாக்கிக்கொள்ளும் செயல் இது.

எலுமிச்சைச் சாறு, உப்பு, பூண்டு, சுண்ணாம்பு முதலியவற்றை வைத்துத் தேய்ப்பதும் தவறு. உதட்டின் தோல் மிக மெல்லியது. சுண்ணாம்பு அதனைச் சுட்டுப் புண்ணாக்குமேயன்றி, தோலுக்கு அடியிலிருக்கும் சுரப்பியை அகற்றாது. முகவரி தெரியாத விற்பனையாளர்களிடம் வாங்கும் களிம்புகளையும் தவிர்த்தல் வேண்டும்.

அழகைக் கருதி இவற்றை நீக்கிக்கொள்ள விரும்புவோருக்கு லேசர் ஒளிக்கற்றை, மின்சூடு முதலிய முறைகள் உண்டு. அவற்றினாலும் தழும்போ நிற மாற்றமோ ஏற்படலாம். ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரையால் இவை குறைவதுண்டு. எனினும், மாத்திரையை நிறுத்தியபின் மீண்டும் தோன்றும். அம்மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குக் கடுந்தீங்கு விளைவிக்க வல்லது. ஆதலின், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி அதனை எவரும் உட்கொள்ளலாகாது. ஒரு கடுகளவு பொட்டிற்காக இத்தனை தொல்லையை ஏற்க வேண்டுமா என்பதை விரும்புவோர் அமைதியாக எண்ணிப் பார்க்கட்டும்.

ஒன்றுபோல் தோன்றும் வேறு மாற்றங்கள்

வாயினுள் வெண்மையாகத் தெரிவன அனைத்தும் இப்பொட்டுகளே என்று எண்ணிவிடவும் கூடாது. வேறு சிலவற்றையும் நாம் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, காளான் தொற்று. தயிர்த் திப்பிகள்போல் வெண்மையாகப் படிந்திருக்கும். துடைத்தால் நீங்கும், நீங்கிய இடம் சிவந்து காணும். பொய்ப்பல் அணிவோர், நீரிழிவு உடையோர், ஆஸ்துமாவிற்கு உறிஞ்சு மருந்து பயன்படுத்துவோர் ஆகியோருக்கு இது வரக்கூடும். உறிஞ்சு மருந்திற்குப்பின் வாயைக் கொப்பளிப்பதும், இரவில் பொய்ப்பல்லைக் கழற்றிவைப்பதும் நல்ல தடுப்பு முறைகளாகும்.

இரண்டாவது, உதட்டுக் கொப்புளம். முதலில் சுருக்கென்ற உணர்வு, பின்னர் நீர்க்கோத்த சிறு கொப்புளங்கள், பின்னர்ப் பொருக்கு. இது தொற்றக்கூடியது. கொப்புளம் இருக்கும் நாட்களில் பச்சிளங்குழந்தைகளை முத்தமிடுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, தட்டம்மையின் முன்னறிவிப்பு. குழந்தைக்குக் காய்ச்சலும் இருமலும் கண் சிவப்பும் இருக்கையில், கன்னத்தின் உட்புறத்தில் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த பரப்பின்மீது உப்புத்தூளைத் தூவினாற்போல் நீலங்கலந்த வெண்புள்ளிகள் தோன்றினால், அது தட்டம்மையாக இருக்கலாம். இதனை விளக்கி எழுதிய ஹென்றி கோப்ளிக் என்னும் குழந்தை மருத்துவரும் நியூயார்க் நகரத்தவரே. அவர் எழுதியதும் அதே 1896ஆம் ஆண்டிலேயாகும். ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே கன்னத்தின் உட்புறத்தை நோக்கிய இரு மருத்துவர்களுள் ஒருவர் கண்டது தீங்கற்ற சுரப்பி. மற்றவர் கண்டது வரவிருக்கும் கொடுநோயின் அறிகுறி. கூர்ந்து நோக்குவதன் பயனை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் சான்று வேறு வேண்டுமோ? சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு முதல் தட்டம்மைத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பெற்றோர் உரிய காலத்தில் தம் குழந்தைகளுக்கு அதனைப் போடுவித்தல் கடமையாகும்.

நான்காவது, துடைத்தாலும் நீங்காத வெண்படலம். இதுவே நாம் அனைவரும் பெரிதும் கவனிக்க வேண்டியது. எண்ணெய்ச் சுரப்பிகள் தனித்தனிப் பொட்டுகளாக இருக்கும். இது படலமாகப் பரந்திருக்கும். பொட்டுகள் பெரும்பாலும் இருபுறமும் ஒத்திருக்கும்; இப்படலம் பெரும்பாலும் ஒருபுறத்தில், சிலருக்குப் புகையிலையை அல்லது பாக்கை அடக்கிவைக்கும் இடத்திலேயே தோன்றும். வெண்மையோடு சிவப்பும் கலந்திருப்பின் மேலும் விரைந்து மருத்துவரை நாட வேண்டும். இத்தகைய படலங்களுள் சில, காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடியவை. தொடக்கத்தில் இதற்கும் வலி இராது என்பதே இதன் கொடுமை.

பாக்கும் நம் வாயும்

ஈசூன் என்னும் பெயர், ரப்பர், அன்னாசித் தொழில்களில் பெயர்பெற்ற லிம் நீ சூன் என்பாரின் பெயரிலிருந்து வந்ததென்பதை நம்மில் பலர் அறிவர். தோட்டங்களும் கம்பங்களும் சூழ்ந்திருந்த இவ்வட்டாரத்திலும், அருகிலிருந்த செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழர் பலர் உழைத்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். உழைப்பும் இறைபக்தியும் மொழிப்பற்றும் நம் முன்னோருடன் கப்பலேறி வந்தன. அவற்றோடு வெற்றிலை பாக்கும் வந்தது.

தாம்பூலம் நம் பண்பாட்டில் மங்கலப் பொருள். தட்டில் வைத்து வழங்குவதை எவரும் குறைகூறவில்லை. அதனை மென்று, கன்னத்தில் மணிக்கணக்காக அடக்கிவைப்பதே தீங்கு. புகையிலை சேர்த்தால்தான் கேடு, வெறும் பாக்கினால் கேடில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்று வகைப்படுத்தியுள்ளது.

பாக்கினால் விளையும் மற்றொரு கேடு, வாயின் உட்தோல் நார்போல் இறுகிவிடுவதாகும். 1952ஆம் ஆண்டில் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்நிலை காணப்பட்டதாக ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார். அடுத்த ஆண்டில் மும்பையைச் சேர்ந்த மருத்துவர் ஜோஷி இதனைத் தனியொரு நோயாக விவரித்தார். கடல்கடந்து சென்றாலும் பழக்கம் நம்மை விடவில்லை. பழக்கத்தின் விளைவும் விடவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இந்நோயின் தொடக்கத்தில் காரம் பட்டால் வாய் எரியும். பின்னர்க் கன்னம் வெளுத்து விறைக்கும். நாளடைவில் வாயைத் திறப்பதே அரிதாகும். நீங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்களுடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே நிறுத்திப் பாருங்கள். மூன்று விரல்களும் இடங்கொள்ளுமாயின் பொதுவாக வாய் போதிய அளவு திறக்கிறதென்று கொள்ளலாம். இரண்டு விரலுக்குமேல் நுழையவில்லையெனில் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. இறுகிய தோல் பழைய நிலைக்கு முற்றிலும் திரும்புவது அரிது. ஆயினும், பாக்கை நிறுத்துவதே சிகிச்சையின் முதற்படி. நிறுத்தாமல் தொடர்ந்தால் நோயும் தொடர்ந்து வளரும்.

குட்கா, கைனி, ஜர்தா முதலிய மெல்லும் புகையிலைப் பொருள்களைச் சிங்கப்பூருக்குள் இறக்குமதி செய்வதும் விற்பதும் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஊரிலிருந்து வரும் உறவினரிடமும், இங்கே வேலைக்கு வந்துள்ள தம்பிமார்களிடமும் இதனை அன்புடன் எடுத்துரைப்பது நம் கடமை. சட்டத்திற்கு அஞ்சி விடுவதைக் காட்டிலும் உடல்நலத்தை எண்ணி விடுவதே நிலைக்கும்.

மாதம் ஒரு முறை, இரண்டு நிமிடம்

இனி, நாமே நம் வாயைச் சோதிக்கும் முறையைக் கூறுவோம். மாதம் ஒரு முறை, கைகளைக் கழுவிக்கொண்டு, வெளிச்சமுள்ள சன்னலருகே கண்ணாடியுடன் நில்லுங்கள். கைவிளக்கு இருப்பின் மிகவும் நன்று. பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள். மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். கீழுதட்டைத் தாழ்த்திப் பாருங்கள். இரு கன்னங்களையும் விரலால் ஒதுக்கி உட்புறத்தைப் பாருங்கள். நாக்கை நீட்டி மேற்புறத்தையும், இருபுறம் திருப்பி அதன் ஓரங்களையும் பாருங்கள். நாக்கை மேலண்ணத்தில் வைத்து அதன் அடிப்புறத்தையும் பாருங்கள். ஈற்றில் தலையை அண்ணாந்து மேலண்ணத்தைப் பாருங்கள். இவ்வளவுதான்.

முதன்முறை பார்க்கையில் எண்ணெய்ச் சுரப்பிப் பொட்டுகள் தென்படலாம். அவை எங்கெங்கே உள்ளன என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தம் வாயின் இயல்பான தோற்றத்தை அறிந்தவரே, புதிய மாற்றத்தை உடனே உணர்வர். தீங்கற்றதை அறிந்துவைப்பதன் உண்மையான பயன் இதுவேயாகும்.

இரண்டு வாரங்கள் கடந்தும் ஆறாத புண், நீங்காத வெண்படலம் அல்லது செம்படலம், காரணமின்றித் தடித்த இடம், குருதிக் கசிவு, விழுங்குவதில் தடை, நாக்கிலோ உதட்டிலோ மரமரப்பு, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் வலி வரும்வரை காத்திராதீர்கள். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரங்களில் தானே ஆறிவிடும். ஆறாததே ஆராயத்தக்கது.

எங்கே செல்வது?

நமது ஈசூன் பலதுறை மருந்தகத்தில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. மேற்கொண்டு ஆராய வேண்டியிருப்பின், அங்கிருந்து தேசியப் பல் மருத்துவ நிலையத்திற்கோ வேறு மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் பெறலாம். 2010ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கூ டெக் புவாட் மருத்துவமனையும் நம் வாசலருகிலேயே இருக்கிறது. முன்னோடித் தலைமுறையினரும் மெர்டேக்கா தலைமுறையினரும், உரிய சாஸ் அட்டை உடையோரும், அத்திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குக் கட்டணச் சலுகை பெறலாம். செல்லுமுன் எவ்வெவற்றிற்குச் சலுகை உண்டு என்பதை மருந்தகத்தில் கேட்டறிவது நலம்.

வீட்டிலுள்ள முதியோரைப் பற்றி ஒரு சொல். பாட்டிமாரும் தாத்தாமாரும் தம் வாயைப் பிறரிடம் காட்ட நாணுவர். பல்லே இல்லை, பல் மருத்துவரிடம் எனக்கென்ன வேலை என்பர். பல் போயினும் நாக்கும் கன்னமும் ஈறும் இருக்கின்றனவே! பேரப்பிள்ளைகள்தாம் கைவிளக்கைப் பிடித்து, "பாட்டி, வாயைத் திறங்கள், பார்ப்போம்" என்று அன்போடு கேட்க வேண்டும். பிள்ளைகள் கேட்டால் மறுக்கும் பாட்டியும் உண்டோ?

அன்பர்களே! இன்று வீடு திரும்பியதும் கண்ணாடி முன் நில்லுங்கள். மஞ்சள் பொட்டுகள் தெரிந்தால் கலங்காதீர்கள், கிள்ளாதீர்கள், அவை உங்களுடன் பிறந்தவை. இரண்டு வாரமாக ஆறாத ஒன்று தெரிந்தால் அதனை மறைக்காதீர்கள். மறுநாளே மருத்துவரை நாடுங்கள்.